இஷியின் வில்லும் போப்பின் வில்லும்

டாக்டர் சாக்ஸ்டன் போப் வில்லால் தன் முதல் மானை வீழ்த்தியபோது, அவருக்கு அந்த வேட்டையைக் கற்றுக்கொடுத்தவர் உயிரோடு இல்லை. போப், சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் அறுவைச் சிகிச்சை ஆசிரியர். அவருடைய ஆசானோ, பக்கத்துக் கட்டடமான மானிடவியல் அருங்காட்சியகத்தில் தங்கியிருந்த இஷி. யாஹி பழங்குடியில் எஞ்சிய கடைசி மனிதர். இருவரும் சேர்ந்து பலமுறை மான் வேட்டைக்குப் போனார்கள். அம்புகள் பறந்தன, மான் விழவில்லை. 1916 மார்ச் 25 அன்று காசநோயால் இஷி இறந்தார். அவரிடம் கற்றதைக் கொண்டு போப் தன் முதல் மானை எடுத்தது அதற்குப் பிறகுதான். 1923இல் வெளிவந்த தம் வில் வேட்டை நூலில் போப்பே இதை எழுதிவைத்திருக்கிறார்.

கப்பி பூட்டிய நவீன வில் கடைகளில் நிறைந்திருக்கும் இன்றைய அமெரிக்காவில், அதை ஒதுக்கிவிட்டு மரவில்லோடு காட்டுக்குள் நுழைகிறவர்கள் உண்டு. மரபு வில்லால் எடுத்த முதல் மான் அவர்களுக்கு வாழ்நாள் பெருமை. அந்தப் பெருமைக்கு வேர் இஷி, போப் என்ற இருவரின் நட்பில் இருக்கிறது. இருவருடைய வில்லையும் வேட்டையையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் ‘மரபு’ என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பது விளங்கும்.

தேவையும் தேர்வும்

இஷி ஏறத்தாழ 1860இல் பிறந்தவர். வட கலிபோர்னியாவில் லாசென் மலைக்கு மேற்கே மில் கிரீக், டீர் கிரீக் என்ற ஓடைகள் அறுத்துச் செல்லும் பள்ளத்தாக்குகள் அவருடைய மக்களின் மண். தங்கம் தேடி வந்த குடியேறிகள் அங்கே பரவினார்கள். 1860களில் ஆயுதம் ஏந்திய கும்பல்கள் யாஹி மக்களை ஊர் ஊராகக் கொன்றன. தப்பிய சிலர் ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஒளிந்தே வாழ்ந்தார்கள். துப்பாக்கி வெடித்தால் இருப்பிடம் தெரிந்துவிடும், வில்லுக்குச் சத்தமில்லை. ஆகவே இஷிக்கு வில், சோற்றைத் தேடித்தரும் கருவி மட்டுமல்ல, உயிரை மறைத்துவைக்கும் கருவியும்கூட. 1908இல் நில அளவைக்கு வந்தவர்கள் அவர்களின் ஒளிவிடத்தைக் கண்டு, அங்கிருந்த பொருள்களை எடுத்துச் சென்றுவிட்டார்கள். உடனிருந்தோரையும் இழந்து, 1911 ஆகஸ்ட் 29 அன்று ஓரோவில் ஊர்ப்புறத்து இறைச்சிக்கூடத்தின் அருகே பட்டினியோடு தனியாளாக வந்து நின்றார் இஷி. மானிடவியலாளர்கள் குரோபரும் வாட்டர்மனும் அவரைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்து வந்தார்கள்.

போப் 1875இல் டெக்சாசில் ஒரு ராணுவ மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். வேலையும் வருமானமும் உறுதியாக இருந்த மனிதர். 1912இல் இஷியை மருத்துவராகப் பார்க்கப் போனவர், அவருடைய வில்லில் மனம் பறிகொடுத்து மாணவரானார். போப்புக்கு மான் கிடைக்காவிட்டால் இரவு உணவு நிற்காது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இருவரையும் ஒப்பிட முடியாது. இது மட்டுமே வேறுபாடு என்று நினைத்தாலும் பிழைதான்.

வில்

இஷியின் வில் ஏறத்தாழ 42 அங்குலம். நின்றால் இடுப்புக்குச் சற்று மேலே வரும். மலை ஜூனிப்பர் மரத்தைச் செதுக்கி, அதன் முதுகில் மானின் கால் தசைநாண்களை வாயில் மென்று மென்று இழையாக்கி, சால்மன் மீன் தோலைக் காய்ச்சிய பசையால் ஒட்டுவார். நாணும் மானின் தசைநாணை முறுக்கியதே. இழுவிசை 40 பவுண்டையொட்டி இருக்கும். பயன்படுத்தாத நேரத்தில் வில்லைப் படுக்கவைக்க வேண்டும், நிமிர்த்தி வைத்தால் அது ஓய்வில்லாமல் உழைத்து வலுவிழக்கும் என்பது அவர் கொள்கை.

போப் கையாண்ட வில், பழைய ஆங்கிலேயப் பாணியில் யூ மரத்தில் செய்த ஆள் உயர நெடுவில். முதுகில் தசைநாண் இல்லை. மரத்தின் வெளிவெள்ளையும் உள்வைரமும் சேர்ந்தே அதற்கு விசை. இஷியின் வில்லைவிட மிகக் கடினமானது. அத்தனை வலு தேவையில்லை என்பதுதான் இஷியின் கருத்து.

வலுவை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் போப்பின் வில்லே மேல். அதன் அம்பு தொலைவு போகும், ஆழம் பாயும். ஆனால் இஷியின் வில்லை எதனால் செய்தார்கள் என்று இன்னொரு முறை பாருங்கள். முதுகில் மானின் தசைநாண். நாணில் மானின் தசைநாண். அம்புமுனையை உடைத்துக் கூர்தீட்டும் கருவி மான்கொம்பு. அந்த வில்லால் ஒரு மானை வீழ்த்த வேண்டுமென்றால், அதற்கு முன்பே வேறொருவர் ஒரு மானை வீழ்த்தியிருக்க வேண்டும். அந்த வில்லை முதன்முதலாக ஏந்தும் சிறுவனின் கையில் அவனுடைய மூத்தோரின் மான் இருக்கிறது. இந்தப் பிணைப்பு போப்பின் வில்லில் இல்லை.

அம்பு

இஷி, விட்ச் ஹேசல் தண்டுகளைத் தணலில் வாட்டி நிமிர்த்தி அம்பு செய்தார். முனைக்கு எரிமலைக் கண்ணாடிக்கல். அருங்காட்சியகத்துக்கு வந்தபின் பாட்டில் கண்ணாடியும் உதவியது. மடித்த தோலில் கல்லைப் பிடித்துக்கொண்டு, கொம்பு முனையால் ஓரத்தை அழுத்தி அழுத்திச் சில்லு சில்லாகப் பெயர்ப்பார். போப்பின் அம்பில் இருந்தது பிர்ச் மரத்தண்டு, வான்கோழி இறகு, அகன்ற எஃகு முனை.

எது நன்றாகப் பாயும் என்பதைப் போப் சோதித்துப் பார்த்தார். பெட்டிக்குள் கால்நடை ஈரலை நிரப்பி, மேலே மான் தோலைப் போர்த்தி, இரண்டு வகை முனைகளையும் எய்தார். கல் முனை, எஃகைவிட ஆழமாகப் புகுந்தது. கல் எளிதில் உடையும். எஃகு திரும்பத் திரும்பப் பயன்படும். என்றாலும், கற்காலக் கருவி மட்டமானது என்ற எண்ணத்தை அந்தப் பெட்டி பொய்யாக்கிவிட்டது. தாம் நம்பியதைச் சோதித்துப் பார்த்து, வந்த முடிவை மறைக்காமல் எழுதிய நேர்மை போப்புக்கு இருந்தது.

எய்தலும் அணுகலும்

போப் ஆங்கில முறைப்படி நிமிர்ந்து நின்று, வில்லைச் செங்குத்தாகப் பிடித்து, மூன்று விரலால் நாணை இழுத்தார். இஷி குந்தி அமர்ந்து, வில்லைச் சாய்வாகப் பிடித்து, நாணைப் பெருவிரலால் வளைத்துப் பற்றி, நடுவிரலால் அந்த நகத்தை அழுத்திக்கொண்டு இழுத்தார். புதருக்குள்ளும் பாறை மறைவிலும் இருந்து எய்ய அந்தக் குறுவில்லும் குந்தலும் பொருத்தமானவை. வட்டப் பலகையில் குறிபார்க்கச் சொன்னால் இஷி சுமார்தான். காட்டில் காடையையும் நில அணிலையும் அவர் அம்பு தப்பவிடாது.

ஆனால் இஷியின் வேட்டை வில்லில் தொடங்குவதில்லை. முந்தின நாளே மீன் உண்பதையும் புகைப்பதையும் விட்டுவிடுவார். விடியுமுன் ஓடையில் குளித்து, வாசனை இலைகளை உடம்பில் தேய்த்து, வாய் கொப்பளித்து, வெறும் வயிற்றோடு கிளம்புவார். புதரில் துணி உரசினால் சத்தம் வரும் என்று அரைக்கச்சையோடு, வெறுங்காலோடு நடப்பார். காற்று மானின் பக்கமிருந்து தன் முகத்தில் வீசும்படி பாதையை அமைத்துக்கொள்வார். மட்ரோன் இலையை மடித்து உதடுகளுக்கிடையே வைத்து உறிஞ்சினால் குட்டிமான் கத்துவது போலக் கேட்கும். தாய்மான் தேடி வரும். பாடம்செய்த மான்தலையைத் தன் தலைமேல் அணிந்து புதருக்கு மேல் மெல்ல அசைத்தும் மானை அருகே வரவழைப்பார். அவருடைய வலு முழுவதும் இடைவெளியைக் குறைப்பதில் இருந்தது. மான் இருபது கஜத்துக்குள் வந்துவிட்டால் 40 பவுண்டு வில் தாராளமாகப் போதும்.

போப் இந்த இடத்தில்தான் உண்மையான மாணவர். வில்லை அவர் இங்கிலாந்திடமிருந்து எடுத்துக்கொண்டார். கால் வைக்கும் விதத்தை இஷியிடமிருந்து எடுத்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து போன நாள்களில் மான் கிடைக்காததற்கு, கற்றுக்குட்டியான தாம் கூட இருந்ததும் தமக்கிருந்த அவசரமும் காரணம் என்று போப் ஒப்புக்கொள்கிறார். ஒளிந்து வாழ்ந்த இனத்தின் பொறுமை, விடுமுறை எண்ணிப் போகிறவருக்கு உடனே வராது.

விழுந்த மான்

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்பு குருதியை வடித்துக் கொல்லும். அறுவை மருத்துவரான போப் இதைத் தெளிவாக உணர்ந்திருந்தார். நெஞ்சுக்கூட்டில் நுரையீரலையோ பெருங்குருதிக் குழாயையோ கூர்மையான முனை அறுத்தால் மான் சற்றுத் தொலைவு ஓடிச் சீக்கிரம் விழும். குறி தவறினால் நெடுநேரம் துன்பப்படும். இன்றும் கவனமான வில் வேட்டைக்காரர்கள் நெருங்காத மான்மேல் அம்பு விடுவதில்லை. விட்டபின் அரைமணி நேரமாவது காத்திருந்தே குருதித் தடத்தைத் தொடர்வார்கள்.

விழுந்த மான் இஷிக்கு உணவு, உடை, நாண், பசியில்லாத சில நாள்கள். போப்புக்கும் அது இறைச்சிதான். அதோடு, கற்ற கலை கைகூடியதற்குச் சான்று. இரண்டில் ஒன்றை உயர்த்தி மற்றதை இழிக்க நான் விரும்பவில்லை. ஆனால் போப்பின் வழியில் ஓர் ஆபத்து இருக்கிறது: சான்றைத் தேடுகிறவருக்கு அடுத்த சான்று இன்னும் பெரிதாக வேண்டும். போப்பும் நண்பர் ஆர்தர் யங்கும் 1920இல் யெல்லோஸ்டோனில் அருங்காட்சியகத்துக்காகக் கிரிஸ்லி கரடிகளை எய்தார்கள். 1925இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குப் போனார்கள். 1961இல் அவர்கள் பெயரில் உருவான போப் அண்ட் யங் கிளப், கொம்பும் மண்டையோடும் அளந்து பதிவேடு வைக்கிறது.

தீர்ப்பு

கருவியின் வலுவில் போப் மேல். வேட்டைக் கலையில் இஷி மேல். ஆனால் போப் எழுதாமல் இருந்திருந்தால் யாஹி வில்வித்தை இவ்வளவு விரிவாக நமக்குக் கிடைத்திருக்காது. 1918இல் அவர் வெளியிட்ட ஆய்வு, மரம், பசை, நாண், விரல்பிடி எல்லாவற்றையும் அளந்து சொல்கிறது. ஆசானுக்கு மாணவர் செய்த மிகப் பெரிய கடமை அது. இஷியின் உடலோடு அவருடைய வில்லையும் ஐந்து அம்புகளையும் ஓக் கொட்டை மாவையும் புகையிலையையும் வைத்தே எரியூட்டினார்கள். ஆனால் அதற்கு முன்பே, குரோபர் வேண்டாம் என்று எழுதியும் உடற்கூறாய்வு நடந்துவிட்டது. எடுக்கப்பட்ட மூளை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போய், 2000இல்தான் உறவுடைய பழங்குடியினரிடம் திரும்பியது. நட்பு உண்மை, அநீதியும் உண்மை.

வில் மரத்தில் செய்யப்பட்டது என்பதால் மட்டும் அது மரபு வில் ஆகிவிடாது. நமக்கு முன்னால் ஒருவர் நடந்து, காத்து, கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அவருடைய பெயரை நாம் சொல்ல வேண்டும். போப் சொன்னார். மரவில்லோடு காட்டுக்குப் போய் முதல் மானை எடுத்துத் திரும்பும் ஒவ்வொருவரும், கிளப்பின் பதிவேட்டில் தம் பெயரை எழுதுவதற்கு முன் இஷியின் வரலாற்றைப் படிக்க வேண்டும். அந்த மானில் ஒரு பங்கு அவருக்கு உரியது.