அறிவின் உடைமையாளர் யார்? பட்டிப்பளை ஆற்று வடிநிலம் கற்பிக்கும் பாடம்

பல்கலைக்கழகங்களும் தொழில் நிறுவனங்களும் தம்மிடமுள்ள அறிவையும் அனுபவத்தையும் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பது இன்றைய உயர்கல்விக் கொள்கையின் தாரக மந்திரமாகிவிட்டது. 2017 இல் உலக வங்கியின் 100 மில்லியன் டொலர் கடனுதவியோடு தொடங்கிய திட்டத்தின் கீழ் இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் வணிக இணைப்பு அலகுகள் அமைக்கப்பட்டமை இக்கொள்கையின் நிறுவன வடிவமாகும். 'பரிமாற்றம்' என்னும் சொல் இரு தரப்பினரைச் சமநிலையில் நிறுத்திக் காட்டுகிறது. ஆனால் அறிவு பிறக்கும் இடத்திலும் அது பயன்படும் இடத்திலும் மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு. அத்தரப்பு உழைப்பாளர். அவர்களுக்கு இவ்வுறவில் எந்த இடம் வழங்கப்பட்டது என்ற வினாவை, பெரியநீலாவணை முதலான கரையோரக் கிராமங்களுக்குப் பின்னணியாக அமைந்த பட்டிப்பளை ஆற்று வடிநிலத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தோட்டமும் வயலும்

ஆராய்ச்சியும் மூலதனமும் கைகோத்தமை இந்நாட்டில் புதிய நிகழ்வன்று. 1925 இல் தாபிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஏற்றுமதித் தேயிலைமீது அறவிடப்பட்ட தீர்வையைக் கொண்டு இயங்கியது. ஆராயப்பட வேண்டிய வினாக்களைத் தோட்ட முதலாளித்துவத்தின் தேவைகளே நிர்ணயித்தன. விடைகளின் பயனும் அதனையே முதலில் சென்றடைந்தது. கொழுந்து பறித்த மலையகத் தொழிலாளி அவ்வுறவில் ஒரு தரப்பாக இடம்பெறவில்லை.

நெல்லின் கதை சற்று வேறுபட்டது. விவசாயத் திணைக்களத்தின் பத்தலகொட நிலையம் 1950களின் இறுதியில் வெளியிட்ட எச்-4 இனம் பொதுப்பணத்தில் உருவானது. ஒரு போகத்தில் விளைந்ததை மறுபோகத்துக்கு விதையாக வைத்துக்கொள்ளவும் அயலவருக்குக் கொடுக்கவும் கமக்காரனால் முடிந்தது. ஆய்வுகூடத்தின் அறிவு பொது உடைமையாக வயலுக்கு வந்தமைக்கு இது தக்க சான்றாகும்.

2. அணையோடு வந்த அறிவு

அரச ஆவணங்கள் கல்லோயா எனக் குறிப்பிடும் ஆற்றைக் கரையோரத் தமிழ் பேசும் மக்கள் பட்டிப்பளை ஆறு என்றே வழங்கினர். 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டபோது அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபையே அதற்கு முன்மாதிரியாயிற்று. இங்கினியாகலையில் அணையைக் கட்டியது மொறிசன்-நுட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம். அறிவும் இயந்திரமும் ஒப்பந்த வழியே ஒருங்கே இறக்குமதியாயின.

ஆயினும் அணைக்குக் கீழே கரையோரத்தில் தொன்மையான வேளாண்மை மரபொன்று நிலைபெற்றிருந்தது. போடியார் நிலத்தை உடைமையாகக் கொண்டார். முல்லைக்காரர் வயலை நடத்தினார். வட்டவிதானை நீர்ப்பங்கீட்டை மேற்பார்வை செய்தார். இம்மரபை வெறுமனே போற்றுவது வரலாற்றுணர்வாகாது. எந்த வட்டையில் எப்போது நீர் கட்ட வேண்டும் என்பதை அறிந்தவன் ஒருவன், விளைச்சலின் பெரும்பங்குக்கு உரியவன் வேறொருவன் என்பதே அதன் நிலப்பிரபுத்துவ உள்ளடக்கம். பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரனுக்குப் பாதுகாப்பளிக்கவும், விதானை முறையை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தவும் முனைந்தமை இதனாலேயே முக்கியத்துவம் பெறுகிறது.

அபிவிருத்திச் சபையின் திட்டமோ கரையோர மரபின் அறிவையும் கேட்கவில்லை. அதன் உடைமை உறவையும் தொடவில்லை. மேற்பகுதியில் நிகழ்ந்த குடியேற்றம் இன முரண்பாட்டையும் கூர்மையாக்கிற்று. 1956 இல் இப்பள்ளத்தாக்கில் தமிழர்மீது நடந்த வன்செயல் அதன் குருதிச் சாட்சியம். கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பி. எச். ஃபார்மரின் தலைமையிலான மதிப்பீட்டுக் குழு 1970 இல் சமர்ப்பித்த அறிக்கை, இட்ட முதலுக்கு ஏற்ற பயன் விளையவில்லை என்ற முடிவுக்கு வந்தது. பல்கலைக்கழக அறிவு இங்கே திட்டத்தின் தொடக்கத்தில் ஆலோசகராக அன்றி, இறுதியில் கணக்காய்வாளராகவே வந்து சேர்ந்தது.

3. வாய்க்காலின் வால்புறம்

1980களின் முற்பகுதி இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அமெரிக்க உதவி நிறுவனத்தின் நிதியோடு இடதுகரை வாய்க்காலைப் புனரமைக்கும் திட்டத்தில் கொழும்பின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்தன. 1981 இல் இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாகக் கமக்காரரிடையே சென்று வாழ்ந்தனர். அவ்வாண்டுச் சிறுபோகத்தில் சேனநாயக்க சமுத்திரத்தில் நீர் மிகக் குறைவு. நீண்டகாலம் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைக் கமக்காரர் சிரமதானத்தால் துப்புரவாக்கினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சப்படுத்திய நீரை வால்புறத்திலுள்ளோர்க்கு விட்டுக்கொடுத்தனர். மேற்புறத்தார் சிங்களவர், வால்புறத்தார் தமிழ் பேசுவோர் என்பதையும் 1956 ஐயும் சேர்த்து நினைக்கும்போதே இச்செயலின் கனம் விளங்கும். பொறியியலாளர் கணக்கிட்டும் கிட்டாத நீர், கமக்காரர் ஒரு தரப்பாக அமர்ந்தபோது கிட்டியது. 1988 இல் அரசு பங்கேற்பு நீர் முகாமைத்துவத்தைக் கொள்கையாக ஏற்றதற்கு இவ்வனுபவமும் காரணமாயிற்று.

இதன் வரம்புகளையும் மறைத்தல் ஆகாது. அமைப்பாளர்களுக்கு நிரந்தர வேலை வழங்கப்படாமையால் பலர் இடைநடுவில் விலகினர். நில உடைமை விவாதத்துக்குரிய பொருளாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை. திட்டத்தின் கல்விப் பயன் நோர்மன் அப்ஹொஃப் எழுதி 1992 இல் கோர்னெல் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கில நூலில் திரண்டது. 'கல்லோயாவிலிருந்து கற்றல்' என அந்நூல் நேர்மையாகவே பெயர் பெற்றது; ஆயினும் கற்பித்தவனின் மொழி சிங்களமும் தமிழும்.

இவ்விடத்தில் பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணனை (1931-1975) நினைவுகூர்தல் பொருத்தமானது. அவர் மறைந்தபின் 1982 இல் நூலாக வெளிவந்த 'வேளாண்மை' காவியம், இதே ஆண்டுகளில் இதே மண்ணின் உழவறிவையும் அதன் சொல்வளத்தையும் தமிழில் பதிவுசெய்தது. ஆய்வறிக்கை தேடிச் சென்ற அறிவு கவிதையில் ஏற்கெனவே குடியிருந்தது. இலக்கியத் துறையும் நீர்ப்பாசனத் துறையும் ஒன்றையொன்று வாசிக்காமை நமது கல்விப் பிரிவினையின் குறைபாடாகும்.

4. இன்றைய வினா

கோர்னெல் ஆய்வாளர் இடதுகரையில் திட்டத்தைத் தொடங்கிய 1980 ஆம் ஆண்டின் இறுதியிலேயே அமெரிக்காவில் பேய்-டோல் சட்டம் நிறைவேறியது. பொதுப்பணத்தில் நடந்த ஆய்வின் கண்டுபிடிப்புகளுக்குப் பல்கலைக்கழகங்களே காப்புரிமை பெற்று நிறுவனங்களுக்கு உரிமம் வழங்க அது வழிவகுத்தது. அறிவு சரக்காகும் போக்கு அங்கிருந்து உலகெங்கும் பரவியது. எச்-4 விதை கைமாறிய உலகமும் உரிமம் கைமாறும் உலகமும் ஒன்றல்ல.

போர்ச் சூழலில் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இப்பிரதேச மக்களின் நீண்டகாலக் கோரிக்கையின் பேறாகும். அது யாரோடு இணைய வேண்டும்? பெரியநீலாவணையை அடுத்துள்ள மருதமுனையின் கைத்தறியை எடுத்துக்கொள்வோம். 1977 இன் திறந்த பொருளாதாரம் இறக்குமதித் துணிக்குக் கதவைத் திறந்தபோது கைத்தறித் தொழில் நாடெங்கும் நலிந்தது. நூலையும் சந்தையையும் வணிகர் கட்டுப்படுத்தும் இடத்தில், சாய நுட்பமோ புதிய வடிவமைப்போ 'தொழிற்றுறை'க்கு வழங்கப்படும்போது அது தறியில் அமர்ந்தவனைச் சென்றடையும் என்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை. நெசவாளி கூலிக்கு நெய்வோனாகவே எஞ்சலாம்.

ஆகவே இணைப்பு வேண்டுமா, வேண்டாமா என்பதன்று வினா. பல்கலைக்கழகம் தந்தக் கோபுரமாக ஒதுங்கியிருப்பதும் முற்போக்கன்று. நெசவாளர், கமக்காரர், மீனவர் ஆகியோரின் கூட்டுறவுச் சங்கங்கள் ஒப்பந்தங்களில் கையொப்பமிடும் தரப்பாக வேண்டும். பொதுப்பணத்தில் விளைந்த முடிவுகள் பொதுவுடைமையாகத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட வேண்டும். உழைப்பாளரின் அறிவு ஆய்வில் பயன்பட்டால் அதற்குரிய உரிமை எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். 1981 இல் வால்புறத்துக்கு நீர் சென்றது, மதகடியில் இருந்தோர் தம் வாய்க்காலின் நடைமுறையைத் தாமே தீர்மானித்ததனால். அறிவும் அவ்வாறு பாய வேண்டுமாயின், அதன் மதகைத் திறக்கும் அதிகாரத்தில் உழைப்பவருக்கும் பங்கிருத்தல் வேண்டும்.