அலகொலவெவவின் இரும்புக் கசடு

சீகிரியாவுக்குப் போகும் நம்மவர் ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அதற்கு அருகே, அதே மாத்தளை மாவட்டத்தில், அலகொலவெவ என்றோர் ஊர் உண்டு. அங்கே 1990களின் தொடக்கத்தில் களனிப் பல்கலைக்கழகத் தொல்லியலாளரும் சுவீடன் ஆய்வாளரும் அகழ்ந்தபோது பழைய இரும்பு உலைகள் வெளிப்பட்டன. காசியப்ப மன்னனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய தொழில் அது.

லேசர் கொண்டு உலோகப் பொடியிலிருந்து உறுப்புகளைச் செய்யும் முறையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த உலைகள்தாம் என் நினைவுக்கு வருகின்றன. இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். அலகொலவெவக் கொல்லருக்கு அது எட்டவில்லை. உருகி ஓடியது கசடு மட்டுமே. இரும்பு, பஞ்சுபோன்ற கட்டியாய் உலையிலேயே தங்கியது. அதைச் சம்மட்டியால் அடித்தடித்தே இறுக்கினர். ஜெர்மனியின் ஆஹன் நகரில் பிரவுன்ஹோபர் ஆய்வாளர் 1996இல் காப்புரிமை கோரிய முறையிலோ சம்மட்டிக்கு வேலையில்லை. மெல்லிய பொடிப் படலத்தில் வேண்டிய இடத்தை மட்டும் லேசர் முழுதாக உருக்கும். அது இறுகியதும் அடுத்த படலம். 2016இல் சேவைக்கு வந்த லீப் விமான எஞ்சினில், சுமார் 20 துண்டுகளை இணைத்துச் செய்யவேண்டிய எரிபொருள் முனை இம்முறையால் ஒரே துண்டாயிற்று.

'முன்னெப்போதுமில்லாத புதுமை' என்று இவற்றுக்குத் தலைப்பிடுவோம், நானும் இட்டவன்தான் (பத்திரிகைப் பழக்கம்!). காப்புரிமையில் பெயர்கள் இருக்கின்றன. அலகொலவெவக் கொல்லரில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. கசடும் உடைந்த உலைகளுமே அவர்களைக் காட்டிக்கொடுத்தன. லேசர் பட்டறையிலோ, உருகாது மிஞ்சிய பொடியைச் சலித்து மறுபடியும் பயன்படுத்திவிடுகிறார்கள்.