கொமெற் விமானமும் கடலடி உண்மையும்

1954ஆம் ஆண்டு சனவரி மாதம் 10ஆந் திகதி காலை, உரோமாபுரியிலிருந்து இலண்டன் நோக்கி ஒரு விமானம் புறப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து வந்த அவ்விமானத்துக்கு அதுவே பயணத்தின் இறுதிக் கட்டம். புறப்பட்டு இருபது நிமிடமளவில், அதன் தலைவர் வேறொரு விமானத்தின் தலைவருடன் வானொலி மூலம் பேசிக்கொண்டிருந்தார். அவர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியிலே அறுந்தது. எல்பாத் தீவை அடுத்த கடலில் மீன்பிடித்தோர் மேகத்துக்கு மேலே பேரொலியைக் கேட்டனர். உடைந்த பகுதிகள் கடலில் வீழக் கண்டனர். அதிற் சென்ற 35 பேரும் மாண்டனர். அவர்களுட் சிறுவரும் பலர்.

அவ்விமானத்தின் பெயர் கொமெற். ஜெற் இயந்திரங்களால் இயங்கிப் பயணிகளைச் சுமந்த முதல் விமானவகை என்ற வகையில் அது பிரித்தானியாவின் பெருமையாய் விளங்கியது. 1952ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி இலண்டனிலிருந்து யொகனஸ்பேக் நகருக்கு முதற் சேவையைத் தொடக்கிவைத்ததும் எல்பாவில் வீழ்ந்த இதே விமானந்தான். அவ்வாண்டிலேயே கொழும்புக்கும் கொமெற் சேவை வந்து சேர்ந்தது.

விபத்தின் காரணம் யாது? சான்றுகள் கடலின் அடியிற் கிடந்தன; ஊகங்களோ ஊரெங்கும் உலாவின. எவரோ வெடிகுண்டு வைத்திருத்தல் வேண்டும் என்றனர் சிலர். இயந்திரம் சிதறியிருக்கலாம் என்றனர் வேறு சிலர். முந்திய ஆண்டு, 1953 மே 2ஆந் திகதி, கல்கத்தாவை விட்டுக் கிளம்பிய மற்றொரு கொமெற் விமானம் இடிபுயலிற் சிக்கி உடைந்து 43 பேர் இறந்திருந்தனர். அதற்குப் புயலே காரணம் எனக் கொள்ளப்பட்டமையால், விமானத்தின் உடலையே ஐயுற்றோர் சிலரே.

எல்பா விபத்தின் மறுநாளே கொமெற் சேவைகள் நிறுத்தப்பட்டன. நிபுணர் குழுவொன்று கூடி ஆராய்ந்தது. தீப்பிடித்தலே காரணமாயிருத்தல் கூடும் என்று அது கருதியது. சுமார் 60 திருத்தங்கள் செய்யப்பட்டன. மார்ச் 23ஆந் திகதி விமானங்கள் மீண்டும் பறந்தன. தெருவிலே பேசப்பட்டது ஊகமென்றால், குழு கூறியதும் ஊகமே. ஆயின் அதற்கு அதிகாரத்தின் முத்திரை இருந்தது. மக்கள் அதனை நம்பி விமானமேறினர். பதினாறு நாள் கழித்து, ஏப்பிரல் 8ஆந் திகதி, உரோமாபுரியிலிருந்து கெய்ரோ சென்ற கொமெற் நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே கடலில் வீழ்ந்தது. மேலும் 21 உயிர்கள் போயின.

இனி ஊகத்துக்கு இடமில்லை என்பது தெளிவாயிற்று. பறப்பதற்கான அனுமதிப் பத்திரம் மீளப் பெறப்பட்டது. பாண்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் சேர் ஆணல்ட் ஹோல் தலைமையில் விஞ்ஞானிகள் பணி தொடங்கினர். எல்பாவில் மீட்கப்பட்ட உடல்களைச் சோதித்த இத்தாலிய மருத்துவர், பலருடைய நுரையீரல் கிழிந்திருந்ததைக் கண்டிருந்தார். விமானத்துள்ளே காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தமைக்கு அஃது அடையாளமாகும்.

கொமெற் மிக உயரத்திற் பறந்தது. அங்கே காற்று மெலிந்திருப்பதனால், உள்ளே காற்றை அழுத்தி நிரப்புதல் வேண்டும். ஏறும்போதெல்லாம் விமானத்தின் உடல் சிறிது விம்மும், இறங்கும்போது தளரும். ஒரு கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் ஈற்றில் அது முறிவதுபோல, உலோகமும் களைத்துப்போகும். இதனைச் சோதிக்க, சேவையிலிருந்த கொமெற் ஒன்று பெரிய நீர்த்தொட்டியில் அமிழ்த்தப்பட்டது. உள்ளே நீரைச் செலுத்தி அழுத்தம் கூட்டப்பட்டது, பின்னர் குறைக்கப்பட்டது. இரவும் பகலும் இது நடந்தது. அவ்விமானம் முன்னர் உண்மையாய்ப் பறந்தவற்றையுஞ் சேர்த்து ஏறக்குறைய 3,060 பறப்புக்களுக்கு ஈடான நிலையில், யூன் மாத இறுதியில், திறப்பொன்றின் மூலையிலிருந்து அதன் உடல் கிழிந்தது.

உற்பத்தியாளர் இதற்கு முன் சோதனை செய்யாமலில்லை. அவர்கள் சோதித்த பகுதி பல்லாயிரம் அழுத்தங்களைத் தாங்கியிருந்தது. ஆனால் அதே பகுதிமீது முன்னதாக மிகையான அழுத்தம் செலுத்தப்பட்டிருந்தது. அதுவே உலோகத்தை உரப்படுத்தி அவர்களை ஏமாற்றியது. எல்பாக் கடலிலிருந்து ஆகஸ்டில் வெளிவந்த கூரைத் துண்டொன்று ஐயத்தைத் தீர்த்தது. வானொலிக் கருவிக்காக அமைந்த திறப்பின் அருகே வெடிப்பின் தொடக்கம் காணப்பட்டது.

கோஹன் பிரபுவின் விசாரணை மன்று 1955ஆம் ஆண்டு பெப்ருவரியில் அறிக்கை வெளியிட்டது. எல்பா விபத்துக்கு உலோகக் களைப்பே காரணம் என்பது உறுதியாயிற்று. நேப்பிள்ஸ் விமானத்தின் உடைவுகளோ எட்டாத ஆழத்திற் கிடந்தன. எனவே அதனைப் பற்றி விஞ்ஞானிகள் அறுதியிட்டுக் கூறவில்லை. எல்பாவுக்குரிய விளக்கம் அதற்கும் பொருந்துவதாகத் தோன்றுகிறது என்ற அளவில் அமைந்தனர். 1954ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இத்தகைய அடக்கம் பேணப்பட்டிருக்குமாயின், ஏப்பிரல் 8ஆந் திகதி அந்த 21 பேர் கொமெற்றில் ஏறியிருக்க மாட்டார்கள்.