இரைச்சல் எது? இசை எது?

ஒலிநாடாவில் பதிவான பாட்டைக் கேட்கும்போது பின்னணியில் 'உஸ்' என்று ஓர் ஓசை வருவதைக் கவனித்திருப்பீர்கள். நாடாவின் மேற்பூச்சிலுள்ள நுண்ணிய காந்தத் துகள்கள் ஒழுங்கின்றி அமைந்திருப்பதால் எழுவது அது. பொறியாளர்கள் அதனை இரைச்சல் என்பர். சீரான அதிர்வு இசை, சீரற்ற அதிர்வு இரைச்சல் என்று பாடநூலில் படித்தோம். ஆனால் ஜால்ராவின் அதிர்வும் சீரானதன்று. அதனை இரைச்சல் என்போமா?

இந்தக் கேள்வியோடு விளையாடிய மூவரைப் பற்றிச் சொல்கிறேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, எஃகுக்கும் கத்திகளுக்கும் பெயர்பெற்ற ஊர். அங்கே 1973இல் ரிச்சர்ட் கிர்க், ஸ்டீபன் மாலிண்டர், கிறிஸ் வாட்சன் என்னும் இளைஞர்கள் 'காபரே வால்டேர்' என்ற குழுவைத் தொடங்கினர். 1916இல் ஸூரிக் நகரில் 'டாடா' கலைஞர்கள் கூடிய விடுதியின் பெயர் அது. வாட்சன் தொலைபேசித் துறையில் பொறியாளர். ஆகவே கம்பிகளையும் மின்சுற்றுகளையும் கண்டு அஞ்சுகிறவரல்லர்! அவர்களுக்கு டேப்ரிக்கார்டரே ஓர் இசைக்கருவி.

அஃதெப்படி? பதிவு செய்யும் தலைக்கும், பதிந்ததை ஒலிக்கச் செய்யும் தலைக்கும் இடையே 3.8 செ.மீ. தொலைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடா நொடிக்கு 19 செ.மீ. ஓடுகிறது. 3.8ஐ 19ஆல் வகுத்தால் 0.2. அதாவது, பதிந்த ஒலி 0.2 நொடி கழித்துக் கேட்கும். அதையே மீண்டும் பதிவுத் தலைக்கு அனுப்பினால் எதிரொலி அடுக்கடுக்காக வரும். நாடாவில் ஒரு துண்டை வெட்டி இரு முனைகளையும் ஒட்டிவிட்டாலோ, ஒரே சொல் ஓயாமல் சுற்றிச் சுற்றி வரும். பள்ளி மாணவனும் செய்யக்கூடிய சோதனைதான். கத்தரியும் ஒட்டுநாடாவும் போதும்.

1976-77இல் பிரிட்டனில் 'பங்க்' என்னும் முரட்டு கித்தார் இசை பரவியது. அதனை அடுத்து வந்த புதுமுயற்சிகளைப் 'போஸ்ட்-பங்க்' என்கிறார்கள். அவ்வகையில் இம்மூவரும் 'வெஸ்டர்ன் வொர்க்ஸ்' என்ற தங்கள் சொந்தப் பதிவுக்கூடத்தில் உருவாக்கிய 'ரெட் மெக்கா' இசைத்தட்டை 1981இல் 'ரஃப் டிரேட்' நிறுவனம் வெளியிட்டது. மின்சுற்றுகளில் உருமாறிய குரல், ஆர்கன், விடாமல் துடிக்கும் தாளம், இவற்றுக்கிடையே சீறலும் உறுமலும். முதல் தடவை கேட்பவர்க்குத் தலைவலிதான், மறுக்கவில்லை.

அதே ஆண்டில் வாட்சன் விலகித் தொலைக்காட்சி நிலையமொன்றில் ஒலிப்பதிவாளரானார். பின்னர் பறவை, விலங்குகளின் ஓசைகளைப் பதிவதில் வல்லுநராகி, டேவிட் அட்டன்பரோவின் தொடர்களுக்கும் பணியாற்றினார். கிர்க் 2021இல் காலமானார்.

2013இல் 'ம்யூட்' நிறுவனம் அந்தத் தட்டை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. மறுபதிப்பு என்றால் பழைய நாடாவை ஓடவிட்டு நகலெடுப்பதுதானே என்று எண்ணாதீர்கள். அக்கால நாடாக்கள் பலவற்றில் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பாலியூரித்தேன் பசை, காற்றின் ஈரத்தால் நீராற்பகுப்புக்கு உள்ளாகிறது. நாடா பிசுபிசுக்கும், ஓடவிட்டால் பூச்சு உரிந்து தலையில் ஒட்டிக்கொள்ளும். பூச்சோடு ஒலியும் போயிற்று! இத்தகைய நாடாவை ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் பதமாகச் சூடேற்றுவார்கள். பசை சில வாரங்களுக்குத் தேறும். அதற்குள் நகலெடுத்துவிட வேண்டும்.

அடுத்தது இரைச்சல். வழக்கமாக, பாட்டில்லாத அமைதியான ஒரு சிறு பகுதியை எடுத்து, அங்குள்ள இரைச்சலின் அதிர்வெண்களைக் கணிப்பொறி அளந்துகொள்ளும். பிறகு பாட்டு முழுவதிலும் அவற்றைத் தணிக்கும். கச்சேரிப் பதிவுக்கு இது நல்ல மருந்து. 'ரெட் மெக்கா' போன்ற தட்டில் அமைதியான பகுதிக்கு எங்கே போவது? ஒரு சீறலை நாடாவின் துகள்கள் எழுப்பினவா, வாட்சன் வேண்டுமென்றே எழுப்பினாரா? அலைவடிவத்தைப் பார்த்துக் கணிப்பொறியால் சொல்ல முடியாது. ஆகவே இத்தகைய நாடாக்களை வடிகட்டாமல் விடுவதே மேல் என்பது என் கருத்து. வேண்டுமானால் வடிகட்டிய பதிப்பைப் பின்னால் எத்தனை முறையும் செய்துகொள்ளலாம். பிசுபிசுத்த நாடாவோ பெரும்பாலும் ஒருமுறைதான் ஒழுங்காக ஓடும்.