பரிகாரமில்லாப் பிழைகள்: அமெரிக்காவில் அவகாசமின்றி டீலர்ஷிப் ரத்துச் செய்யும் உரிமை வளர்ந்த வரலாறு

ஒரு ஸ்தாபனத்தின் பெயரையும் முத்திரையையும் தாங்கி வியாபாரம் நடத்துகிறவரின் உரிமையை, பிழையைத் திருத்திக்கொள்ள ஒரு நாள் அவகாசமும் தராமல் எப்போது பறிக்கலாம் என்ற கேள்வி, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் எழவே இல்லை; அவகாசம் என்பதே அன்று எவருக்கும் உரிமையாக இருக்கவில்லையே! மோட்டார் கம்பெனிகளின் ஒப்பந்தங்கள் காரணம் கூறாமலே டீலரை விலக்க இடமளித்தன. 1933-இல் ஃபோர்டு கம்பெனியின்மீது டீலர் ஒருவர் கொண்டுவந்த வழக்கில், ஒப்பந்தம் பாதகமானது என்பதற்காக அதை மாற்றி எழுதுவது தன் வேலையன்று என்ற நோக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரது கோரிக்கையைத் தள்ளிவிட்டது.

1956-ஆம் ஆண்டின் சட்டம், கம்பெனி நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளாவிடில் வழக்குத் தொடரும் உரிமையை மோட்டார் டீலர்களுக்கு அளித்தது. 1974-இல் விஸ்கான்சின் மாகாணம் 90 நாள் நோட்டீசும், அதில் 60 நாள் பிழை திருத்தும் தவணையும் வேண்டுமென விதித்தது. ஆனால், தவணை பொது விதியானவுடனே விதிவிலக்குகளும் கூடவே பிறந்தன. திவாலானவருக்கு அந்த நோட்டீசு உரிமை இல்லை என்று விஸ்கான்சின் சட்டமே கூறிற்று.

இவ்விலக்குகள் விரிவான பட்டியலாக உருப்பெற்றதை 1978-இன் பெட்ரோல் விற்பனைச் சட்டத்தில் காணலாம். தொடர்ந்து ஏழு நாள் நிலையத்தை நடத்தாமை, எரிபொருளில் வேண்டுமென்றே கலப்படம் செய்தல், மோசடி, ஒழுக்கக்கேடான பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெறுதல் முதலியன அதில் அடங்கும். பூட்டிய பம்பின் முன் வண்டியை நிறுத்தி, ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு எதிர்ப்புறத்துப் போட்டிக் கம்பெனியின் நிலையத்துக்குத் திரும்புகிற வாடிக்கைக்காரரை நினைத்தால், ஏழு நாள் என்ற கணக்கின் நியாயம் விளங்கும். அதே பட்டியலில், நிலையத்தை நடத்த முடியாதபடி மூன்று மாதமாவது நீடிக்கும் டீலரின் கடும் உடல் அல்லது மன நலிவும் இடம்பெற்றிருப்பதுதான் விநோதம்! எத்தனை தவணை கொடுத்தாலும் அவர் தம் முயற்சியால் திருத்திக்கொள்ளக் கூடியதன்று அது என்பது வாஸ்தவந்தான். எனினும் கலப்படக்காரரோடு நலிவுற்றவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியதிலிருந்து, சட்டம் இங்கே குற்றத்தை நிறுக்கவில்லை, கம்பெனியின் நஷ்டத்தையே நிறுத்தது என்று கொள்ளத் தோன்றுகிறது.

1981 முதல் ஏற்பட்ட உரிமைகளுக்குப் பொருந்திய கலிபோர்னியச் சட்டம், ஐந்து நாள் கைவிடுதலோடு, பொதுமக்களின் சுகாதாரத்துக்கு உடனடி அபாயம் விளைவித்தல், திருத்திய பிழையையே மீண்டும் மீண்டும் செய்தல் ஆகியவற்றையும் சேர்த்தது. கடைசியாகச் சொன்னது மற்றவற்றின் ஜாதியைச் சேர்ந்ததன்று. அங்கே பிழை திருத்தக்கூடியதே, தீர்ந்துபோனது பொறுமை. 2016 முதல் பொதுத் தவணையை அம்மாகாணம் 60 நாளாக உயர்த்தியபோதும், இவ்விலக்குகளுக்கு அந்தச் சலுகை எட்டவில்லை.

சட்டத்தின் பட்டியலோடு விஷயம் நிற்கவுமில்லை. சரக்கு அனுப்பும் பைலட் என்ற நிறுவனத்தின் உரிமை பெற்றவர்கள், தங்களிடம் வந்த சரக்குகளை ரகசியமாக வேறு வழியில் அனுப்பி, அதற்குச் சேரவேண்டிய தொகையை மறைத்த வழக்கில், ஒப்பந்தமே திருத்தத் தவணையை வாக்களித்திருந்தும், நம்பிக்கையின் வேரையே அறுத்த வஞ்சகத்துக்கு அத்தவணை பொருந்தாது என்று பென்சில்வேனிய உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. முடிவு நியாயமே. ஆயினும் வஞ்சகம் நடந்ததென்று முதலில் தீர்மானிப்பவர் கம்பெனியார். நீதிபதி அதை ஆராய உட்காரும்போது, கடை அநேகமாக மூடப்பட்டுவிட்டிருக்கும்.