மண்ணுக்குள் புதைத்த நெட்வொர்க் கேபிளையும் மின்னல் விட்டுவைக்காதா? பாதுகாக்க என்ன வழி?

ராத்திரி முழுக்க இடி, மின்னல். காலையில் வந்து பார்த்தால் பள்ளியின் ஆபீஸ் அறையில் இருக்கும் ரவுட்டர் உயிரோடு இல்லை. எதிர்க் கட்டடத்தில், கம்ப்யூட்டர் லேப்பில் இருக்கும் சுவிட்சும் போச்சு. "மேலே தொங்கவிட்டாத்தான் மின்னல் அடிக்கும்னு மண்ணுக்குள்ள புதைச்சோம், அப்புறம் எப்படிப் போச்சு?" என்பதுதான் அடுத்து வரும் கேள்வி.

கோடை மழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் பள்ளி, குடோன், தோட்டத்து வீடு, அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்யூரிட்டி அறை என்று இரண்டு கட்டடங்களை கேபிளால் இணைத்திருக்கும் பல இடங்களில் இந்தச் சிக்கல் வருகிறது. மின்னல் நேராக கேபிள் மேல் விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே போதும்.

புதைத்தும் ஏன் பாதுகாப்பு இல்லை?

ஒரு மின்னல் வெட்டில் பாயும் மின்சாரம் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். அது தரையில் இறங்கியதும் மறைந்துவிடுவதில்லை, மண் வழியாக நாலா பக்கமும் பரவும். அப்போது இறங்கிய இடத்துக்கு அருகில் உள்ள மண்ணின் மின்னழுத்தம் ஒரு கணத்தில் எகிறும். தள்ளிப் போகப் போக அது குறையும்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். அந்த மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3,000 ஆம்பியர் மட்டும் முதல் கட்டடத்தின் எர்த் வழியாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எர்த்தின் மின்தடை 10 ஓம் என்றால், அங்கே 30,000 வோல்ட் ஏறும். 50 மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டாவது கட்டடத்தின் எர்த்தில் அவ்வளவு ஏறாது. இந்த இரண்டு இடங்களையும் செம்புக் கம்பியால் இணைத்து வைத்திருப்பது உங்கள் நெட்வொர்க் கேபிள்தான். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்வது போல மின்சாரம் அதன் வழியே பாயும். ஈத்தர்நெட் போர்ட்டில் உள்ள தடுப்பு பொதுவாக 1,500 வோல்ட்டுக்குத்தான் சோதிக்கப்படுகிறது. அதனால்தான் இரண்டு முனைகளிலும் கருவிகள் சேர்ந்தே போகின்றன.

பிவிசி பைப்புக்குள் விட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. பைப் தண்ணீரையும் எலியையும் தடுக்கும், மின்னலைத் தடுக்காது.

சிறந்த வழி எது?

கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையில் செம்பை எடுத்துவிட்டு ஃபைபர் கேபிள் போடுவதுதான். கண்ணாடி இழையில் ஒளிதான் போகிறது, மின்சாரம் போக வழியே இல்லை. இரண்டு முனையிலும் ஒரு மீடியா கன்வர்ட்டர், அல்லது ஃபைபர் போர்ட் உள்ள சுவிட்ச் வைத்தால் வேலை முடிந்தது. சாதாரண ஈத்தர்நெட் கேபிளுக்கு உள்ள 100 மீட்டர் வரம்பும் இதற்குக் கிடையாது. வீட்டு பிராட்பேண்டே ஃபைபரில் வரும் காலம் இது. அதே வேலையைச் செய்பவர்களே இதையும் போட்டுத் தருவார்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சில ஃபைபர் கேபிள்களில் பாதுகாப்புக்காக இரும்பு உறையோ, இரும்புக் கம்பியோ இருக்கும். அதை அப்படியே உள்ளே கொண்டுவந்தால் மின்னலுக்கு மறுபடியும் கதவு திறந்த கதைதான். உலோகமே இல்லாத கேபிளைக் கேட்டு வாங்குவது நல்லது. உலோகம் உள்ளதைப் போட்டால், அந்த உலோகத்தைக் கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே எர்த்தில் இணைக்க வேண்டும்.

செம்பு கேபிளை மாற்ற முடியாவிட்டால்?

* இரண்டு முனையிலும் ஈத்தர்நெட் சர்ஜ் புரொடெக்டர் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் மறுபக்கம் மாட்டிக்கொள்ளும்.
* கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே அதை வைத்து, எர்த் கம்பியை முடிந்தவரை குட்டையாக, நேராக இழுக்க வேண்டும். எர்த் கொடுக்காத புரொடெக்டர் சுவரில் மாட்டிய வெறும் டப்பாதான்.
* நெட்வொர்க்குக்கு என்று தனி எர்த் குழி தோண்டி அப்படியே விடுவது பலர் செய்யும் தவறு. ஒரே கட்டடத்தில் இரண்டு தனித்தனி எர்த் இருந்தால், அவற்றுக்கு நடுவிலேயே மின்னழுத்த வித்தியாசம் வரும். கரண்ட் எர்த்தும் நெட்வொர்க் எர்த்தும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும்.
* மின்னல் கரண்ட் லைன் வழியாகவும் வரும். மெயின் போர்டிலும் சர்ஜ் புரொடெக்டர் இல்லாவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது.

எர்த் வேலையைத் தகுதியான எலக்ட்ரீஷியனிடம்தான் கொடுக்க வேண்டும். மின்னல் பாதுகாப்புக்கு ஐஎஸ்/ஐஇசி 62305, எர்த்திங்குக்கு ஐஎஸ் 3043 என்று இந்தியத் தர நிர்ணயங்கள் உள்ளன. பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் இவற்றின்படி செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

ஆளுக்கும் ஆபத்தா?

ஆமாம். கேபிள் வழியாக வரும் மின்சாரம் கருவியோடு நிற்கும் என்று சொல்ல முடியாது. இடி கேட்கும்போது கேபிளில் இணைத்த கம்ப்யூட்டரைத் தொடாமல் இருப்பதே நல்லது. சார்ஜரில் போடாத செல்போனை வைஃபையில் பயன்படுத்தலாம்.

கேபிளைக் கழற்றுவதாக இருந்தால் இடி தொடங்கும் முன்பே இரண்டு முனையிலும் கழற்றிவிட வேண்டும். தலைக்கு மேல் இடி இடிக்கும்போது ஓடிப்போய் பிடுங்கக் கூடாது. புனேவில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, நீங்கள் இருக்கும் பகுதியில் மின்னல் வாய்ப்பு இருந்தால் முன்கூட்டியே எச்சரிக்கும்.

மின்னல் நேரடியாகக் கட்டடத்தின் மேலேயே விழுந்தால், எந்தக் கருவியும் நூறு சதவீதம் உத்தரவாதம் தராது. ஆனால் பக்கத்தில் விழும் மின்னல் உங்கள் கேபிள் வழியே அடுத்த கட்டடத்துக்குப் போகாமல் தடுக்க முடியும். புதிதாகக் குழி தோண்டப் போகிறீர்கள் என்றால், அதில் ஃபைபரைப் போடுங்கள்.