வத்தையின் பிடி கைமாறிய வரலாறு



நம் கூட்டமைப்பின் மலருக்காகக் கடலோரக் குழுக்களின் வரலாற்றை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். சேமிப்பு, வங்கிக் கடன் கணக்கெல்லாம் நம் பதிவேட்டிலேயே இருக்கிறது. பதிவேட்டில் ஏறாத ஒன்றை நான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் எனக்கு வத்தை ஓட்டச் சொல்லிக் கொடுத்த கதை அது. சிரிப்பும் வரும், பயமும் வரும். ஆனால் அதுவும் நம் வரலாறுதான்.

இரண்டு கடல், ஒரு ஊர்

ராமேசுவரம் தீவின் வடகரையில் எங்கள் ஊர். மேற்கே பாம்பன், கிழக்கே தனுஷ்கோடி. எங்களுக்குக் கடல் இரண்டு. பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் சீறும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் காற்று வீசும்போது அப்படியே தலைகீழ். பாம்பன் பாலத்துக்கு அடியில் ஓடும் நீரோட்டமும் காற்றுக் காலத்தோடு திசை மாறும். இதைப் பிள்ளைகள்கூடச் சொல்லும்.

எங்கள் பெரியவர்கள் காலத்தையே "புயலுக்கு முந்தி, புயலுக்குப் பிந்தி" என்றுதான் பிரிப்பார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அது. அந்தப் பத்தாண்டிலேயே பாசி வியாபாரமும் வந்தது. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று நாங்கள் பெயர் சொல்லும் பாசிகளைப் பெண்கள் முங்கிப் பறித்தார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, விரலில் சுற்றிய துணி, காலில் கட்டிய செருப்பு, இடுப்பில் பை. அவ்வளவுதான் கருவி.

1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆயின. பாட்டி காலத்தில் போய்வந்த இடங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2000-க்குப் பிறகு மூங்கில் தெப்பத்தில் பாசி வளர்ப்பது எங்கள் பக்கம் பரவியது. விதை கட்டினால் 45 நாளில் அறுப்பு. மகளிர் குழுக்கள்தான் அதில் அதிகம் இறங்கின.

முங்கிப் பறித்தாலும் தெப்பத்தில் வளர்த்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. பாசி பெண்ணுடையது, வத்தை ஆணுடையது. வத்தைக்காரர் வந்தால் வேலை, வராவிட்டால் கரையில் குத்தவைத்திருக்க வேண்டியது. படகுக் கூலி போக மிஞ்சுவதுதான் நம் கூலி.

முதல் பாடம்: நங்கூரம்

எங்கள் குழு 1999-ல் தொடங்கியது. மகளிர் திட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. 2006-ல் குழுக் கடனில் ஒரு பழைய வத்தையும், நீண்ட தண்டு வைத்த டீசல் இன்ஜினும் வாங்கினோம். கடன் என் பெயரில், ஓட்டுவது அவர். ஒருநாள் நான்தான் கேட்டேன்.

"மச்சான், தவணை கட்டுறது நான். ஓட்டவும் சொல்லிக் குடுங்க."

அவர் சிரித்தார். "ஏ புள்ள, இது என்ன தையல் மெஷினா?" என்றார். ஆனாலும் மறுநாள் கூட்டிப் போனார்.

முதல் வாரம் இன்ஜினைத் தொடவே விடவில்லை. நங்கூரம் போடு, எடு. கயிற்றைச் சுருட்டு, அதன்மேல் நிற்காதே. "இன்ஜின் நின்னுபோச்சுன்னா முதல்ல இன்ஜினைப் பார்க்காத. முதல்ல நங்கூரத்தைப் போடு. வத்தை நின்னாத்தான் மூளை வேலை செய்யும்" என்றார். கிளம்பும்போது ஒரு வரிசை: முதலில் இன்ஜினை ஓடவிட வேண்டும். பிடியைக் கீழே அமுக்கினால் தண்டு மேலே எழும்பி, விசிறி தண்ணீருக்கு வெளியே சும்மா சுற்றும். அதன் பிறகே நங்கூரத்தை எடுக்க வேண்டும். விசிறியை இறக்குவது கடைசி.

நான் பிடியைத் தொட்ட முதல் நாளே இந்த வரிசையைக் கோட்டைவிட்டேன். நங்கூரம் எடுக்காமலே விசிறியை இறக்கிவிட்டேன். வத்தை கயிற்றைச் சுற்றி வட்டமடித்து, கயிறு விசிறியில் சுருட்டிக்கொண்டது. அவர் கத்தியோடு தண்ணீரில் குதித்து அரைமணி நேரம் அறுத்தார். கரையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இன்னொரு நாள் கலங்கிய தண்ணீரில் பார் இருப்பது தெரியாமல் ஏற்றிவிட்டேன். விசிறி வளைந்துவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் எனக்கும் கோபம் வந்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்றிரவு சமைத்தேன், பேசவில்லை. சாப்பிட்டு முடித்து அவரே சொன்னார்: "எனக்கு வத்தை போயிரும்னு பயமில்ல புள்ள. ஒனக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயம். அதான் கத்திட்டேன்." நான் சொன்னேன்: "இன்ஜின் சத்தத்துல நீங்க கத்துறது எனக்குக் கேக்கவே மாட்டேங்குது. வாய் அசையுறதுதான் தெரியுது. அதுலதான் பதறிப் போறேன்."

அன்று இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். கடலில் கத்துவதில்லை, கைச்சாடைதான். உள்ளங்கை கீழே போனால் வேகத்தைக் குறை. கையை மடக்கினால் நிறுத்து. விரல் நீட்டிய பக்கம் திருப்பு. பிடி யார் கையில் இருக்கிறதோ முடிவு அவருடையது. தப்பு நடந்தால் கரைக்கு வந்தபிறகு பேச்சு. அதற்குப் பிறகுதான் எனக்கு வத்தை ஓட்டவே வந்தது.

ஆடி மாதத்து ஒருநாள்

2008 ஆடி மாதம். கச்சான் காற்று. வடகடலில் அலை கம்மிதான், ஆனால் அந்தக் காற்றில் வேறொரு ஆபத்து உண்டு. அது கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். இன்ஜின் நின்றால் வத்தை வீட்டைவிட்டு விலகிக்கொண்டே போகும். அந்தப் பக்கம் இருப்பது 1974-ல் வகுத்த எல்லை. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

வத்தையில் அவர், நான், குழுப் பெண்கள் நான்கு பேர். பாசி மூட்டை நிறைந்திருந்தது. காற்று ஏறுவதைப் பார்த்து அவசரப்பட்டார். எனக்குச் சொன்ன வரிசையை அவரே மறந்து, நங்கூரத்தை முதலில் எடுத்துவிட்டார். இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினார். இன்ஜின் எதிர்த்து உதைத்தது. கைப்பிடி திரும்பி அடித்ததில் வலது மணிக்கட்டு உடைந்தது. உட்கார்ந்துவிட்டார், முகம் வெளுத்துவிட்டது.

வத்தை நகர ஆரம்பித்தது. ஒருத்தி அழுதாள். எனக்கும் கை நடுங்கியது. ஆனால் இரண்டு வருஷமாகக் காதில் விழுந்தது கைக்கு வந்துவிட்டது. இன்ஜினைப் பார்க்கவில்லை. முதலில் நங்கூரத்தை வீசினேன். கயிறு இறுகியதும் வத்தை நின்றது. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அவர் கையைப் பலகையோடு சேர்த்துத் தாவணித் துணியால் கட்டினோம். அழுதவளையே கூப்பிட்டு, இன்ஜின் மேலிருக்கும் சின்ன லீவரைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். அதைத் தூக்கினால் சுற்றுவது இலகு. கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல், மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைத்தேன். அப்படிப் பிடித்தால் உதைக்கும்போது கை தானாகக் கழன்றுவிடும். முதல் தடவை பிடிக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாவது தடவை வேகம் ஏறியதும் "விடு" என்றேன், லீவரை விட்டாள். இன்ஜின் பிடித்தது.

பிறகு நங்கூரம், அதற்குப் பிறகு விசிறி. காற்றுக்கு எதிராக மெதுவாகத்தான் வர முடிந்தது. தண்ணீர் உள்ளே தெறிக்கத் தெறிக்கப் பெண்கள் இறைத்தார்கள். கனத்தைக் குறைக்கப் பாதிப் பாசியைக் கடலில் தள்ளினோம். பாரை நெருங்கும்போது அவர் இடது கையால் சாடை காட்டினார். உள்ளங்கை கீழே, விரல் இடப்பக்கம். ஒரு சத்தம் இல்லை. கரைக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

அதற்குப் பிறகு

கட்டுப் பிரிக்க ஆறு வாரம், கை பழையபடி ஆக இன்னும் சில வாரம். வத்தை சும்மா கிடந்தால் தவணை நிற்கும். என் தவணை நின்றால் குழுவுக்கே கெட்ட பெயர், அடுத்தவளுக்குக் கடன் கிடைக்காது. அதனால் நானே ஓட்டினேன். கரையில் பேச்சு வராமல் இல்லை. "பொம்பள ஓட்டுற வத்தையில யாரு ஏறுவா?" என்றார்கள். அந்த நாலு பெண்கள்தான் மறுவாரமே முதலில் ஏறினார்கள். ஒரு தவணையும் தவறவில்லை.

கை சரியானதும் அவர் அந்த நால்வருக்கும் கற்றுக் கொடுத்தார். மூன்று பேர் நன்றாகப் பழகினார்கள். ஒருத்தி வீட்டில் விடவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இப்போது எங்கள் குழுவில் படகுக் கூலி வெளியே போவதில்லை.

நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நம் சகோதரிகளுக்காக எழுதி வைக்கிறேன்:

1. வத்தையில் ஏறும் எல்லோருக்கும் நங்கூரம் போடவும் இன்ஜினை நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும்.
2. எந்தப் பக்கம் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.
3. உயிர்காப்புச் சட்டையை மூட்டைக்கு அடியில் போடாதீர்கள், உடம்பில் போடுங்கள்.
4. செல்போனைத் தண்ணீர் புகாத பையில் வையுங்கள். ஆபத்தில் கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.
5. கணவர் சொல்லிக் கொடுத்தாலும், மனைவி சொல்லிக் கொடுத்தாலும் கடலில் சண்டை வேண்டாம். சண்டையைக் கரையில் வைத்துக்கொள்ளலாம்.

வாடைக்காற்று தொடங்கினால் அவருக்கு அந்த மணிக்கட்டு இன்றும் வலிக்கும். எண்ணெய் தேய்த்துவிடும்போது கேட்பேன், "அன்னைக்கு நங்கூரத்தை ஏன் முதல்ல எடுத்தீங்க?" என்று. "நீ இருக்கியேங்கிற தைரியம்தான்" என்பார். பொய்தான். ஆனாலும் வருஷா வருஷம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.